கார்மேதா சீமாட்டியின் மேலுதடு

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது கசில்தாதான். யாரும் பிடுங்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கூரை ஒழுகியது. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, படத்தின் சட்டத்தைத் தொட ஒரு சாண்தான் பாக்கி என்று ஆனபோது, அவளே அதைக் கம்பளியில் சுற்றி, புருஷன் எலாதியோவின் இறைச்சி வண்டியில் ஏற்றி, மாகாணத் தலைநகரில் இருந்த அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனாள். கிராமத்து வீடுகளில் இருக்கும் பழைய படங்களைக் குளிர்காலம் முடியும்வரை இலவசமாகப் பாதுகாத்துத் தருவோம் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அரசாங்கம் இலவசமாக ஏதாவது செய்கிறேன் என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கசில்தா யோசிக்கவில்லை. அவளுக்குக் கூரைதான் கண்ணில் நின்றது.

படத்தில் இருந்தவள் அவளுடைய எள்ளுப்பாட்டி பால்த்தசாரா. கறுப்புப் பட்டு உடை, தலையில் கறுப்பு லேஸ் முக்காடு, கையில் விசிறி, காதில் பவழம். போன நூற்றாண்டில் மாதா கோவில் பீடத்துக்குப் படம் எழுத வந்த ஓவியன் ஒருவன் ஒரு குளிர்காலம் முழுக்க அவளுடைய சத்திரத்தில் தங்கித் தின்று கொழுத்தான். அந்த நன்றிக்கு எண்ணெய் வண்ணத்தில் எழுதிக் கொடுத்த படம் அது.

பால்த்தசாராவுக்கு அவர்கள் கிராமமான கார்மேதாவில் சீமாட்டி என்று பெயர். மற்றப் பெண்கள் எல்லாம் கோவில் தரையில் முட்டி போட்டபோது, இவள் மட்டும் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். "வந்துட்டாடி சீமாட்டி" என்று எவளோ முணுமுணுத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. கார்மேதாவில் ஒட்டிய பெயர் ஒருவரோடு போகாது, பேரன் பேத்திக்கும் சேர்த்துத்தான். அங்கே பிஷப் வீடு என்று ஒன்று உண்டு. அந்த வீட்டில் ஒருத்தனும் கோவில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. செவிட்டு வீட்டுக்காரர்களுக்குப் பாம்புக் காது. கசில்தா ரத்தக்கறை பட்ட முன்துணியோடு இறைச்சிக் கடையில் நின்றாலும், "சீமாட்டி, ரெண்டு கிலோ விலா எலும்பு வெட்டும்மா" என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே அருங்காட்சியக எழுத்தர் கம்பளியைப் பிரித்துப் பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டபோது அவள் வாயில் வந்தது இதுதான்.

"சீமாட்டிங்க."

"எந்த ஊர்ச் சீமாட்டி?"

"கார்மேதா சீமாட்டி. அங்க வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். மரியாதை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்ட கசில்தா, "உக்காருங்க, பரவாயில்ல" என்றாள்.

மார்ச்சில் கூரை சரியானது. ஏப்ரலில் அம்மா பெலிஸா காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள்.

அம்மாவுக்கும் படத்துக்கும் ஒரே முகம். ஊரே சொல்லும். அதே அடர்ந்த புருவம், அதே பிடிவாதத் தாடை, மேலுதட்டுக்கு மேலே அதே மெல்லிய கருநிழல். மீசை என்றே சொல்லிவிடலாம். அம்மாவே அப்படித்தான் சொல்வாள். கசில்தாவோ அப்பாவைக் கொண்டு பிறந்தவள், வட்ட முகம். அம்மா போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள். அடையாள அட்டையில் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் கண்ணை மூடிக்கொண்டு, பிடிபட்ட கோழித்திருடி மாதிரி இருப்பாள்.

அடக்கம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போனபின் கசில்தா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எதிரே புதுச் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு அம்மா முகம் வேணும்," என்றாள். "நாளைக்கே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"வண்டியில டீசல் இருக்கு," என்றான் எலாதியோ. அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

நாளைக்கு என்று சொன்னது ஜூன் மாதம் ஆகிவிட்டது. முதலில் ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம். பிறகு தலைநகரின் காவல் புனிதருக்குத் திருவிழா. பிறகு திருவிழாக் களைப்பு. வியாழக்கிழமை விடுமுறை வந்தால் வெள்ளிக்கிழமைக்குப் பாலம் போட்டுச் சனி ஞாயிறோடு சேர்த்துவிடுவது நம் எல்லா அலுவலகங்களுக்கும் உள்ள பழக்கம். இந்த அருங்காட்சியகத்தில் புதன்கிழமை விடுமுறைக்கு இரண்டு பக்கமும் பாலம் போட்டிருந்தார்கள். திறந்திருந்த நாட்களிலும் பத்தரை மணிக்கு இயக்குநர் காபி குடிக்கப் போவார். மதியம்வரை அந்தக் காபி ஆறாது.

கடைசியில் ஒருநாள் அவள் உள்ளே நுழைந்தாள். நடுக்கூடத்தில், தனி விளக்குக்குக் கீழே, சிவப்புக் கயிறு கட்டி, அவள் வீட்டுப் படம். கீழே பித்தளைத் தகடு: கார்மேதாவின் சீமாட்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். வெளியே விற்ற கோப்பையில், குடையில், விசிறியில் எல்லாம் பால்த்தசாரா.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லும்மா," என்றார் காவலர் பெலாயோ.

"இது எங்க வீட்டுப் படங்க."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும். பெரிய கலைன்னா அதான்."

இயக்குநர் தொன் பௌஸ்தினோ நல்ல உயரம். முன்னால் பேசுகிறவரின் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டே பேசுவார். கசில்தா விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் முதல் தடவையாகக் கீழே இறங்கியது.

"சீமாட்டி உங்களுக்கு என்ன முறை?"

"எள்ளுப்பாட்டிங்க."

"அப்போ நீங்களும் சீமாட்டி வம்சம்."

"ஆமாங்க. ஊர்ல என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

தொன் பௌஸ்தினோ மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, அவள் கையை முத்தமிட்டார். காலையில்தான் பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு இறைச்சி பிசைந்த கை. அவர் முகத்தைச் சுளிக்காமல் நிமிர்ந்தார். அதற்கு ஒரு வளர்ப்பு வேண்டும்தான்.

"பட்டம் அமைச்சகத்துல பதிவாயிருக்கா?"

"பட்டம்லாம் இல்லீங்க. பட்டப்பெயர்."

அவர் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"ஆக, நீங்க சீமாட்டி வம்சம் இல்ல."

"இல்லீங்க. நாங்க பன்னி வெட்டறவங்க."

"அப்போ இது உங்க படம் இல்லம்மா. இது ஒரு சீமாட்டியோட படம்."

"ஐயா, நான்தானே கொண்டுவந்து குடுத்தேன்."

"நீங்க குடுத்தது உங்க எள்ளுப்பாட்டி படம்னு சொல்றீங்க. அப்படி ஒரு படமே எங்ககிட்ட இல்ல. எங்ககிட்ட இருக்கறது சீமாட்டி. சீமாட்டியைக் குடுத்தது நீங்கன்னா, நீங்க வம்சம்னு நிரூபிக்கணும். நிரூபிச்சா இவ்வளவு முக்கியமான படத்தை நாட்டை விட்டு, ஏன், இந்தக் கூடத்தை விட்டே வெளிய விட மாட்டோம். நிரூபிக்கலைன்னா உங்களுக்கு ஏன் குடுக்கணும்? ரெண்டு பக்கமும் உங்க நல்லதுக்குத்தான் யோசிச்சிருக்கோம்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, சீமாட்டியின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். இளம் வயதில் ஒரு தளபதியைக் காதலித்தாளாம். அவன் கியூபாவுக்குப் போனவன் திரும்பவில்லையாம். அந்த ஏக்கம்தான் கண்ணில் நிற்கிறதாம். இதையெல்லாம் அருங்காட்சியகமே கண்டுபிடித்து அச்சடித்திருந்தது.

"ஏக்கம் இல்லீங்க அது," என்றாள் கசில்தா. "அடுப்புல ஏதோ தீயுதேன்னு பாக்கற பார்வை. எங்கம்மா தெனம் பாப்பாங்க அப்படி."

மதிப்புள்ள சாட்சி யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கசில்தா அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை பிஷப்பைக் கூட்டிட்டு வரேன்" என்றாள். பிஷப் வீட்டு அன்செல்மோ அவளுக்குப் பள்ளித் தோழன், டிராக்டர் ரிப்பேர் பார்ப்பவன். அவன் சாட்சி சொன்னால் கார்மேதாவில் மறுபேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை அவர்கள் போய் இறங்கியபோது வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை உடையில் பாட்டுக்குத் தயாராக நின்றார்கள். தொன் பௌஸ்தினோ நெஞ்சில் பதக்கம் குத்தி, ஒரு முட்டியை மடக்கப் பாதி தூரம் இறங்கிவிட்டார். அன்செல்மோ கம்பளத்தைப் பார்த்துவிட்டு, செருப்பில் கிரீஸ் இருக்கிறதே என்று ஓரமாகச் சுவரை ஒட்டி வந்தான்.

"பிஷப் பின்னால வர்றாரா?" என்று கேட்டார் இயக்குநர்.

"நான்தாங்க பிஷப்," என்றான் அன்செல்மோ. "எங்க தாத்தா நடக்கும்போது ரெண்டு கையையும் ஆசீர்வாதம் பண்றாப்புல வீசுவாரு. அதனால. இவங்க எள்ளுப்பாட்டி நாற்காலி தூக்கிட்டுப் போனாங்க, அதனால சீமாட்டி. எங்க ஊர்ல ராஜா வீடுகூட ஒண்ணு இருக்கு, வேணும்னா கூட்டிட்டு வரேன்."

பாடச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் டீச்சர் கையைத் தூக்கியபடியே நின்றாள். மடக்கிய முட்டியை மெல்ல நிமிர்த்தும்போதே தொன் பௌஸ்தினோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதுதான் வினையாகப் போனது. விளங்காத மனிதனிடம் இன்னொரு தரம் எடுத்துச் சொல்லலாம். செப்டம்பரில் அமைச்சர் வருகிறார், சீமாட்டி படம் போட்டுத் தபால்தலை வரப்போகிறது, கோப்பையும் குடையும் கிடங்கு நிறைய இருக்கிறது. இந்த நேரத்தில் விளங்கிவிட்ட மனிதனை என்ன செய்வது? அவர் விசாரணை ஆணையம் ஒன்றைக் கூட்டினார்.

ஜூலைக் கடைசியில், மின்விசிறி வேலை செய்யாத ஓர் அறையில் ஆணையம் உட்கார்ந்தது. நாட்டின் தலைநகர் மாத்ரீதிலிருந்து வந்த பேராசிரியர் தலைமை. கசில்தாவும் எலாதியோவும் ஓரத்தில் இருந்த பெஞ்சில்.

"கார்மேதா சீமாட்டின்னு ஒரு வம்சத்துக்கு எங்கேயும் ஆதாரம் இல்லையேன்னு சிலர் கேக்கறாங்க," என்று பேராசிரியர் ஆரம்பித்தார். "சாதாரணக் குடும்பம்னா ஆதாரம் இல்லாம இருக்காது. ஞானஸ்நானம், வரி, வாய்க்கால் தகராறு, எல்லாத்துலயும் பேர் இருக்கும். இந்தச் சீமாட்டியைப் பத்தி எந்த ஆவணக் காப்பகத்துலயும் ஒரு வரிகூட இல்ல. நானே தேடினேன். அப்படின்னா எவ்வளவு உயர்ந்த இடமா இருந்திருக்கணும், நீங்களே பாருங்க. என் நாப்பது வருஷ ஆராய்ச்சியில இவ்வளவு சுத்தமா ஆதாரமே இல்லாத வம்சத்தை நான் பார்த்ததில்ல."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

கசில்தாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள்.

"ஐயா, எனக்கு இப்படியெல்லாம் பேச வராது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படத்துல மேலுதட்டைப் பாருங்க. மீசை. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு, அவங்கம்மாவுக்கும் இருந்துச்சு. எங்கேயாவது சீமாட்டிக்கு மீசை இருக்குமா? எங்க வீட்டுப் படத்துல மீசை இருக்கு. மீசை இருந்தா அது எங்களோடது."

பேராசிரியர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தார். எல்லோரும் வரிசையாக நடுக்கூடத்துக்குப் போய், கயிற்றைத் தாண்டி, மூக்கு படாத குறையாகப் பார்த்தார்கள். புத்தகம் எழுதியவர்கள், உரை நிகழ்த்தியவர்கள், அஞ்சலட்டை அச்சடித்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மீசையை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

"ஆமாம், இருக்கு," என்றார் ஒருவர், ரகசியம் மாதிரி.

ஆணையம் சாப்பிடப் போனது. இரண்டு மணிக்குப் போனவர்கள் ஐந்து மணிக்குத் திரும்பினார்கள். அதுவரை கசில்தா எலாதியோவின் கையை விடவே இல்லை. "ஜெயிச்சுட்டோம்யா" என்றாள். எலாதியோ "இரு, பாக்கலாம்" என்றான்.

பேராசிரியர் ஒயின் வாசனையோடு தீர்ப்பை வாசித்தார். "அந்த அம்மா சொன்ன ஆதாரத்தை ஆணையம் முழுசா ஏத்துக்குது. மீசை அவங்க குடும்பத்தோடது."

கசில்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லா இருங்க ஐயா" என்றாள்.

"அதே சமயம், சீமாட்டிக்கு மீசை இருக்க முடியாதுன்னும் அந்த அம்மாவே சொல்லியிருக்காங்க. அதையும் ஏத்துக்கறோம். ஆகவே, படத்துல இருக்கறது மீசை இல்ல, அழுக்கு. பன்றிக்கொழுப்பும் அடுப்புப் புகையும் படிஞ்சு படிஞ்சு வந்தது. அந்தக் குடும்பத்துச் சமையல்லேர்ந்து வந்ததால அது அவங்களோடதுதான், அதுல சந்தேகமே இல்ல. சீமாட்டி மேலேர்ந்து அதை எடுத்துட்டா ரெண்டு தரப்புக்கும் நியாயம் கிடைச்சுடும்."

"அழுக்கு இல்லீங்க," என்றாள் கசில்தா. "ஓவியன் அதை விட்டுட்டு வரையப் பாத்தான். 'இருக்கறதை வரைய்யா, நான் என்ன மாதா சொரூபமா'ன்னு எள்ளுப்பாட்டி சொல்லி வரைய வச்சாங்க. ஐயா, அதைத் தொடாதீங்க. படத்தை நீங்களே வேணும்னா வச்சுக்கங்க, சீமாட்டின்னே சொல்லிக்கங்க, நான் ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன். மூஞ்சியை மட்டும் தொடாதீங்க."

"வாய்மொழி," என்றார் பேராசிரியர், எழுதுகிறவரைப் பார்த்து. "பதிய வேண்டாம்."

ஆகஸ்டில் அருங்காட்சியகம் மூடியிருந்தது. ஆகஸ்டில் எதுதான் திறந்திருக்கிறது? கசில்தா கடையைச் சாத்திவிட்டு எலாதியோவோடு போய்ப் பின்பக்க இரும்புக் கதவைத் தட்டினாள். பெலாயோ ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மூடியிருக்கும்மா."

"உள்ள விளக்கு எரியுதே."

"வேலை நடக்குது. மூடியிருந்தாத்தானே வேலை நடக்கும்?"

"படத்தைச் சுத்தம் பண்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும். தொட வேணாம்னு மட்டும் சொல்லணும்."

"மனு குடுங்க. மனு வாங்கற ஜன்னல் செப்டம்பர்ல தொறக்கும்."

எலாதியோ வண்டியிலிருந்து ஒரு முழுப் பன்றித்தொடையைக் கொண்டுவந்தான். உப்பிட்டு இரண்டு வருஷம் காயவைத்த உயர்ந்த சரக்கு. பெலாயோ கண் கலங்கி அதை வாங்கிக்கொண்டார். "உங்க நல்ல மனசு யாருக்கு வரும்" என்றார். ஜன்னல் சாத்திக்கொண்டது. கசில்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை நின்றாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அந்தக் கட்டடத்தைக் கல்லால் அடிக்க வேண்டும்போல இருந்தது, பக்கத்தில் கல்லும் கிடந்தது. அடித்திருந்தால் அதற்கும் ஓர் ஆணையம் போட்டிருப்பார்கள்.

செப்டம்பரில், சுத்தம் செய்த படத்துக்குத் திறப்பு விழா. எலாதியோ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். "நான் வந்தா எவனையாவது வெட்டிடுவேன்" என்றான். கத்தி அவன் தொழில் என்பதால் கசில்தாவும் வற்புறுத்தவில்லை. பேருந்தில் தனியாகப் போனாள். வாத்தியக்குழு, வெர்மூத் மது, ஆலிவ் காய், அமைச்சர். படத்தின்மேல் நீலத் துணி போர்த்தியிருந்தது.

சுத்தம் செய்த நிபுணர் தொன்யா பெரெங்கேலா முதலில் பேசினாள்.

"என் தொழில்ல இப்படி ஒரு பிடிவாதமான அழுக்கை நான் பார்த்ததே இல்ல. முதல்ல எச்சில் தொட்டுத் தேச்சேன். பழைய அழுக்கெல்லாம் அதுலயே போயிடும். இது போகல. சாராயம் வச்சேன், போகல. கடைசியில ரொம்பக் காரமானதா ஒண்ணு வச்சேன். அப்போ வண்ணத்தோடவே வந்துச்சு. அந்தளவுக்கு வண்ணத்துக்குள்ளேயே ஊறியிருந்தது அழுக்கு."

நன்றாகக் கைதட்டினார்கள். அடுத்து தொன் பௌஸ்தினோ எழுந்தார்.

"பழசைப் பழசாவே காப்பாத்தறதுக்கு அருங்காட்சியகம் எதுக்கு? அதை ஈரக்கூரை வீடுகளே பண்ணும். அது எப்படி இருந்திருக்கணுமோ அப்படி ஆக்கிக் குடுக்கறதுதான் எங்க சேவை. இந்தப் பெண்மணி யாருன்னு நாங்க கேக்கவே இல்ல. யாரா இருந்தா மாகாணத்துக்கு நல்லதுன்னு கேட்டோம்."

அமைச்சர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

மேலுதடு வழவழவென்று இருந்தது. மீசை போனதும் எடுப்பாகத் தெரிந்துவிட்டதோ என்னவோ, புருவத்தையும் இரு பக்கமும் ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். தாடையில் இருந்த பிடிவாதம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பற்பசை விளம்பரத்தில் வருகிற ஒரு பெண், பால்த்தசாராவின் பவழத்தைப் போட்டுக்கொண்டு, பால்த்தசாராவின் விசிறியை வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். கசில்தா கயிறுவரைக்கும் போய் இடமும் வலமுமாகத் தலையைச் சாய்த்துத் தேடினாள். அம்மா இல்லை. ஏப்ரலில் அம்மாவைப் புதைத்தபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அப்போது, படம் இருக்கிறது என்ற நினைப்பு மனசின் ஒரு மூலையில் இருந்தது.

"அம்மா, இப்படி முன்னால வாங்க," என்று தொன் பௌஸ்தினோ அவளைக் கூட்டத்துக்கு நடுவில் அழைத்தார். "இவங்க படத்துல மீசை இருந்ததுன்னு சொன்னாங்க. எல்லாரும் பாருங்க, இந்தப் படத்துல மீசை இல்ல. ஆக இது இவங்களோடது இல்லைன்னு இப்போ சந்தேகமில்லாம முடிவாயிடுச்சு. ஆனா, தீர்ப்புன்னா தீர்ப்பு. அடுத்தவங்க பொருள்ல ஒரு துளியைக்கூட இந்த நிறுவனம் வச்சுக்காது."

பெரெங்கேலா ஒரு கண்ணாடிச் சீசாவைக் கொண்டுவந்து கசில்தாவின் கையில் வைத்தாள். மூடி போட்டு, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். உள்ளே சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள், நுனியில் கறுப்பும் பழுப்புமாக.

"ஒண்ணுகூட விடாம சேத்து வச்சிருக்கேன்," என்றாள் பெரெங்கேலா, உண்மையான பிரியத்தோடு.

அமைச்சர் கசில்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு நேர்மையான நிர்வாகத்தைத் தன் பதவிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். போட்டோ எடுத்தார்கள். வாத்தியக்குழு ஆரம்பித்தது.

கசில்தா கையை ஓங்கினாள். தொன் பௌஸ்தினோவின் பதக்கத்தைக் குறிபார்த்து, சீசா தலைக்கு மேலே போய்விட்டது. பெலாயோ ஓடிவந்தார். ஆனால் அவள் எறியவில்லை. கையை மெல்ல இறக்கி, சீசாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், பாவாடை நுனியால் துடைத்தாள், கழுத்துத் துண்டை எடுத்து அதைச் சுற்றினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தாள்.

சாயங்காலப் பேருந்தில் கூட்டம். பக்கத்து இருக்கையில் கீரைக்கட்டோடு வேற்றூர் அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதை ஏறத் தொடங்கியதும், கசில்தா மடியில் துண்டு சுற்றிய சீசா ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.

"என்னம்மா அது, ஊறவச்ச ஆலிவா?"

"இல்லீங்க," என்றாள் கசில்தா. "எங்கம்மாவோட மீசை."

அந்த அம்மாள் சீசாவைப் பார்த்தாள். பிறகு கீரைக்கட்டைக் காலடிக்குத் தள்ளிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"முன்னால வளைவு வருது," என்றாள். "நல்லா புடிச்சுக்கம்மா."